கூடுதல் வாடகை காட்டும் லோடு

காலையில் சரக்கை இறக்கி முடித்தபோது மணி 6.40. கிடங்குக்காரர் ரசீதில் கையெழுத்துப் போட்டு, முத்திரையைச் சாய்வாகக் குத்தி நீட்டினார். வண்டியை வளாகத்துக்கு வெளியே கொண்டுவந்து ஓரமாக நிறுத்திவிட்டு, கைப்பேசியைத் திறந்தேன். சுற்றிலும் 150 கிலோமீட்டர் வட்டத்துக்குள் பதினொரு லோடு இருப்பதாக, லாரிக்கு லோடு தேடித் தரும் செயலி காட்டியது. பத்து லோடுக்கு வழக்கமான வாடகை. பதினொன்றாவதற்கு மட்டும் மற்றவற்றைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். தூரம் 480 கிலோமீட்டர். சரக்கு காகித உருளைகள். எடை என் வண்டிக்குத் தோதானது. இன்றே மதியம் ஏற்ற வேண்டும்.

இப்படி ஒன்று கண்ணில் பட்டால் முன்பெல்லாம் என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே போய் அழுத்திவிடும். இப்போது அதற்கு ஒரு கடிவாளம் போட்டு வைத்திருக்கிறேன். கைப்பேசியை இருக்கையில் கவிழ்த்து வைத்துவிட்டு, இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றி வருவேன். ஒவ்வொரு டயரையும் தட்டுவேன். காற்று நிறைந்த டயர் தடியை உதறித் திருப்பி அனுப்பும். காற்று இறங்கியது 'தொப்' என்று வாங்கிக்கொள்ளும். இரட்டை டயரில் உள்பக்கம் இருப்பது காற்றிழந்தால் வெளிப்பக்கத்து டயர் பாரத்தைச் சுமந்துகொண்டு ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். அதைக் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தச் சுற்று முடிய நான்கைந்து நிமிடம் ஆகும். அதற்குள் லோடு பறிபோனால் போகட்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். எப்போதும் அதைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லமாட்டேன்.

சொந்த வண்டி வாங்கிய புதிதில் லோடு என்பது தரகரின் வாயில் இருந்தது. அவருடைய அலுவலக வாசலில் ஒரு நீளப் பெஞ்சு. நாங்கள் ஏழெட்டுப் பேர் அதில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். தரகர் தொலைபேசியை வைத்துவிட்டு நிமிர்ந்து யாரைப் பார்க்கிறாரோ அவருக்கு லோடு. வாடகை எவ்வளவு என்று கேட்டால், "முதலில் போய் ஏற்று தம்பி, பேசிக்கொள்ளலாம்" என்பார். சரக்கு அனுப்புகிறவர் அவருக்குக் கொடுத்தது எவ்வளவு, அவர் எடுத்துக்கொண்டது எவ்வளவு, இரண்டும் நமக்குத் தெரியாது. அவருக்குப் பிடிக்காத ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அடுத்த மூன்று நாள் பெஞ்சுதான் கதி. ஆகவே அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது கண்ணைக் கசக்கினால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. செயலி வந்த முதல் மாதம், பெஞ்சில் உட்காராமல் லோடு பிடித்தபோது எனக்கு முதுகு நிமிர்ந்தது உண்மை.

இந்தத் திரைக்கு நாம் நினைப்பதைவிட வயது அதிகம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரத்து ஜூபிட்ஸ் லாரி நிறுத்தத்தில் 1978-இல் 'டயல்-எ-டிரக்' என்ற சேவை தொடங்கியது. கிடைக்கும் லோடுகளை ஒரு திரையில் ஓடவிடுவார்கள். ஓட்டுநர்கள் அண்ணாந்து பார்த்து, தோதானதற்குத் தொலைபேசி செய்வார்கள். இன்று டி.ஏ.டி. என்ற பெயரில் இருக்கும் பெரிய லோடு பலகை அதன் வாரிசுதான். ஐரோப்பாவில் டிமோகாம் என்ற லோடு பலகை 1997-இல் வந்தது. சீனாவில் இரண்டு பெரிய செயலிகள் 2017-இல் ஒன்றாகி, 2021-இல் நியூயார்க் பங்குச் சந்தைவரை போயின. பெஞ்சு சுவரில் ஏறித் திரையாகி, பிறகு நம் சட்டைப்பையில் இறங்கியிருக்கிறது. பெஞ்சில் இருந்த மற்றவர்களை இப்போது பார்க்க முடிவதில்லை, அவ்வளவுதான். அவர்களும் இதே பதினொரு லோடைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

திரை காட்டும் எண் பொய்யில்லை. ஆனால் அது லோடின் கணக்கு, வண்டியின் கணக்கு அல்ல. இன்று காலை வந்ததையே எடுத்துக்கொள்வோம். எந்த நாட்டு நாணயமாகவும் இருக்கட்டும். மற்ற பத்து லோடுக்கும் கிலோமீட்டருக்கு 75 என்றால் இதற்கு 100. 480 கிலோமீட்டருக்கு 48,000. ஆனால் சரக்கு ஏற்றும் இடம் நான் நின்ற இடத்திலிருந்து 110 கிலோமீட்டர். இறக்குகிற ஊரில் திரும்ப ஏற்ற ஒன்றும் கிடைக்காது. அடுத்த லோடுக்கு 190 கிலோமீட்டர் வெறும் வண்டியாக வரவேண்டும். ஆக, வண்டி உருளப்போவது 780 கிலோமீட்டர். 48,000-ஐ 780-ஆல் வகுத்தால் 61 சொச்சம்.

அதே திரையில் நான்காவதாக ஒரு சாதாரண லோடு. 300 கிலோமீட்டர், 75 வீதம் 22,500. ஏற்றும் இடம் 15 கிலோமீட்டரில். இறக்கிய இடத்திலிருந்து 25 கிலோமீட்டரில் தொழிற்பேட்டை, அங்கே எப்போதும் சரக்கு உண்டு. மொத்த ஓட்டம் 340. வகுத்தால் 66. அடக்கமாக உட்கார்ந்திருக்கும் அந்த எழுபத்தைந்து, மினுக்கிக்கொண்டிருக்கும் நூறைவிட மேல்.

வெறும் வண்டிதானே, டீசல் அதிகம் குடிக்காது என்று ஒரு சமாதானம் உண்டு. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆறு மாதம் நோட்டில் எழுதிப் பார்த்ததில், என் வண்டி முழுப் பாரத்தோடு லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கொடுக்கிறது, காலியாக 4.5. அதாவது பாரத்தோடு குடிப்பதில் மூன்றில் இரண்டு பங்கைக் காலியாகவும் குடித்துவிடுகிறது. வண்டியின் சொந்த எடை, டயரின் உருளல், முகப்பில் மோதும் காற்று எதுவும் சரக்கை இறக்கியவுடன் இறங்கிப் போவதில்லை. காற்று இன்னும் பொல்லாதது. அதன் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. காலி வண்டிதானே என்று வேகமாக ஓட்டினால் மிச்சம் பிடித்ததைக் காற்றே வாங்கிக்கொள்ளும். மேலே சொன்ன 300 காலிக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 67 லிட்டர். அதற்கு யாரும் வாடகை தருவதில்லை.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். லாரிக்காரன் கணக்குப் பார்க்காவிட்டால்தான் உழக்குகூட மிஞ்சாது.

என் நோட்டில் ஒவ்வொரு லோடுக்கும் ஐந்து கட்டம் உண்டு. வாடகை, மொத்தக் கிலோமீட்டர், மொத்த மணி, டீசல், கடைசியாக 'திரும்ப வருவேனா' என்ற கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் எழுதுவேன். மற்ற நான்கையும் இன்று எந்தச் செயலியும் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். ஐந்தாவதை நானேதான் எழுத வேண்டியிருக்கிறது, அதற்குக் காரணம் காத்திருப்பு.

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காகித உருளைகள் வைத்திருக்கும் ஒரு கிடங்குக்கு ஒருமுறை போனேன். மதியம் ஒரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். 12.52-க்கே வாசலில் நின்றேன். காவலர் பதிவேட்டில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டு, 14 என்று எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்தார். உள்ளே எட்டாம் எண்ணுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்று வாசலிலேயே அறிவிப்புப் பலகை. வெயில் கண்ணாடி வழியாக முதலில் முழங்காலுக்கு வந்தது, பிறகு மடிக்கு, பிறகு மார்புக்கு. மூன்று மணிக்குச் சரக்கு ஏற்றும் கதவு ஒன்றை மூடினார்கள். கவைத்தூக்கி (ஃபோர்க்லிஃப்ட்) வண்டி ஒன்று பழுது. நான்கரைக்குப் பணிமுறை மாறியது. புதிதாக வந்தவர்கள் பட்டியலை முதலிலிருந்து சரிபார்த்தார்கள். இருட்டிய பிறகு என் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஏற்றுவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் நாற்பது நிமிடம். நான் அங்கே காத்துக்கிடந்தது ஏழு மணி நேரம்.

பல ஒப்பந்தங்களில் முதல் இரண்டு மணி நேரம் இலவசம், அதற்குமேல் மணிக்கு இவ்வளவு என்று காத்திருப்புக் கட்டணம் எழுதியிருக்கும். என் ஒப்பந்தத்திலும் இருந்தது. ஐந்து மணி நேரத்துக்குக் கேட்டு அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: எங்கள் பதிவின்படி உங்கள் வண்டி அந்த இடத்துக்கு வந்து சேரவே இல்லை.

சேரவில்லையென்றால் சரக்கு எப்படி ஏறியது என்று கேட்டேன். அதற்குத் தனியாகப் பதில் வரவில்லை. நானாகவே வரைபடத்தைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. வண்டி வந்துவிட்டதா என்பதைச் செயலி ஒரு வட்டத்தை வைத்துத் தீர்மானிக்கிறது. கைப்பேசி அந்த வட்டத்துக்குள் நுழைந்தால் வந்தாயிற்று, வெளியேறினால் போயாயிற்று. வட்டத்தை அந்த நிறுவனத்தின் அலுவலக முகவரியைச் சுற்றிப் போட்டிருந்தார்கள். லாரிகள் நுழையும் பின்வாசல் அங்கிருந்து 900 மீட்டர் தள்ளி, வேறு சாலையில். ஏழு மணி நேரமும் நான் வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டிருந்த ஏழு மணி நேரத்தில் நான் அங்கே இல்லை!

காவலரின் பதிவேட்டில் 12.52 இருந்தது. அதன் நகல் என்னிடம் இல்லை. ரசீதில் ஏற்றிய தேதி இருந்தது, மணி இல்லை. பணம் வரவில்லை. அன்றிலிருந்து எந்த வாசலுக்குப் போனாலும் முதல் வேலையாக வாசல் பலகையையும் வரிசை அட்டையையும் ஒரே படத்தில் வரும்படி எடுத்துக்கொள்கிறேன். ரசீதில் வந்த மணி, போன மணி இரண்டையும் எழுதிக் கையெழுத்து கேட்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். "எல்லாருக்கும் இல்லாத வழக்கம் உங்களுக்கு மட்டும் என்ன?" என்றார் ஒருவர். "எல்லாருக்கும் வராத பணம் எனக்கும் வரவில்லை ஐயா" என்றேன். போட்டுக் கொடுத்துவிட்டார்.

காத்திருப்பில் போவது அந்த நேரம் மட்டுமில்லை. அமெரிக்க விதிப்படி, பத்து மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினால் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். அந்தப் பதினான்கு என்பது தொடர்ந்து ஓடும் கடிகாரம். வழக்கமாகக் கிடங்கு வாசலில் நின்றாலும் அது நிற்பதில்லை. 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான வண்டிகளில் மின்னணுக் கருவியே அதைக் கணக்கு வைக்கிறது. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை, நாளொன்றுக்குப் பொதுவாக 9 மணி நேர ஓட்டம். விதி எதுவானாலும் விளைவு ஒன்றுதான். வாசலில் ஏழு மணி நேரத்தைத் தொலைத்தவன் மிச்ச நேரத்துக்குள் ஊர் போய்ச் சேரப் பார்ப்பான். அல்லது பாதி வழியில் நிறுத்த இடம் தேடி அலைவான், மறுநாள் லோடையும் இழப்பான். தூக்கத்தைக் காப்பாற்றத்தான் விதி வந்தது. ஆனால் வண்டியை நிறுத்திவைத்த கிடங்குக்கு அந்தக் கடிகாரம் ஓடுவதில்லை, எனக்கு மட்டும் ஓடுகிறது என்பதுதான் என் ஆத்திரம்.

எடையிலும் இப்படி ஒரு கண்ணாமூச்சி உண்டு. திரையில் '18 டன்' என்று ஒற்றை எண் இருக்கும். பதினெட்டு டன் அமுக்கிக் கட்டாத பஞ்சு என்றால் வண்டியில் ஏறவே ஏறாது. எடை பாதி சேர்வதற்குள் இடம் தீர்ந்துவிடும். பதினெட்டு டன் எஃகுச் சுருள் என்றால் வண்டியின் சரக்கு மேடையில் ஒரு மூலையில் அடங்கிவிடும், ஆபத்தும் அங்கேதான். மொத்த எடை அனுமதிக்குள் இருந்தாலும், சுருளை இரண்டடி பின்னால் வைத்துவிட்டால் பின் அச்சில் பாரம் வரம்பை மீறும்; முன் சக்கரம் லேசாகித் திருப்பத்தில் சொல்பேச்சு கேட்காது. எடைமேடையில் ஒவ்வொரு அச்சாக ஏற்றிப் பார்க்கும்போதுதான் இந்தக் குட்டு வெளிப்படும். அதற்குள் சங்கிலி போட்டுக் கட்டி, தார்ப்பாய் இழுத்து, வாசலைத் தாண்டியிருப்போம். திரும்பப் போய் நகர்த்தி வைக்கச் சொன்னால் வரிசையில் மறுபடியும் கடைசி.

பணம் எப்போது வரும் என்பது அடுத்த கதை. 30 நாள், 45 நாள் என்று தவணை சொல்வார்கள். டீசலுக்குத் தவணை கிடையாது. அதனால் பலர் கையெழுத்தான ரசீதையும் விலைப்பட்டியலையும் ஒரு நிதி நிறுவனத்திடம் கொடுத்து, நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்துவரை விட்டுக்கொடுத்து, உடனே பணம் வாங்கிக்கொள்கிறார்கள். சில தளங்களே 'உடனடிப் பணம்' என்ற பெயரில் இதைச் செய்கின்றன. நானும் இரண்டு வருடம் இப்படி விற்றேன். பிறகு ஒரு மாத டீசல் செலவைத் தனியாக எடுத்துவைத்த நாள்முதல் விற்பதில்லை. அந்தத் தொகையைச் சேர்க்கப் பதினோரு மாதம் ஆனது. இந்தத் தொழிலில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான் என்று என் மனைவி சொல்வாள்; மறுக்க எனக்கு வேறு உதாரணம் கிடைக்கவில்லை.

இந்தத் தளங்கள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை என்பது தாமதமாகத்தான் எனக்குப் புரிந்தது. ஒன்று வெறும் பலகை. மாதச் சந்தா வாங்கிக்கொண்டு, யாரிடம் லோடு இருக்கிறது என்று காட்டும். பேரம் நீங்களே பேச வேண்டும். மற்றொன்று தானே தரகர். சரக்கு அனுப்புகிறவரிடம் ஒரு விலை பேசி, நமக்கு ஒரு விலை காட்டி, இடையில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் லோடு உங்களுடையது, பேரம் கிடையாது. சௌகரியம்தான். ஆனால் பழைய பெஞ்சில் தெரியாமல் இருந்த அந்த இரண்டு எண்கள் இங்கேயும் தெரிவதில்லை. அமெரிக்க விதிகளில், தரகர் ஒவ்வொரு லோடின் கணக்கையும் பதிவு செய்துவைக்க வேண்டும், சம்பந்தப்பட்ட லாரிக்காரருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு என்றே இருக்கிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்துவிடுவதும் அங்கே வழக்கம். 2020 மே மாதம், வாடகை அடிமட்டத்துக்குப் போன நேரத்தில், வாஷிங்டனில் லாரிகளை வரிசையாக நிறுத்திவைத்து லாரிக்காரர்கள் கேட்டவற்றில் இந்தக் கணக்கைக் காட்டுவதும் ஒன்று.

தரகரைவிடக் கணினி மலிவு, ஆகவே இடைக்கமிஷன் கரைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. செயலி வழியே லாரித் தரகு செய்ய சியாட்டிலில் 2015-இல் தொடங்கிய கான்வாய் நிறுவனத்தை 2022-இல் 380 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். 2023 அக்டோபரில் அது சரக்கு வேலையை நிறுத்திவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் ஏறிய சரக்கு வாடகை இறங்கியதும், முதலீட்டுப் பணம் வறண்டதும் சேர்ந்து அடித்த அடி. லோடு தேடும் நேரத்தைக் கணினி மிச்சப்படுத்துகிறது, அது நிஜம். ஆனால் கிடங்கு வாசலில் 14-ஆம் எண் அட்டையோடு உட்கார்ந்திருப்பவனின் நேரத்தை எந்த நிரல் மிச்சப்படுத்தும்?

களவு பற்றியும் ஒரு வார்த்தை. பெஞ்சுக் காலத்தில் தரகருக்கு நம் முகம் தெரியும். இப்போது முகம் என்பது ஒரு கணக்கும் கடவுச்சொல்லும். லாரி நிறுவனம்போல் வேடமிட்டு லோடை எடுத்து, அதை விவரம் தெரியாத வேறொரு ஓட்டுநர் தலையில் கட்டி, வழியில் முகவரியை மாற்றிச் சரக்கை வேறு இடத்தில் இறக்கவைக்கும் கூட்டங்கள் பெருகிவிட்டன. 2024 நவம்பரில் டெக்சாஸின் லாரெடோவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போக வேண்டிய இரண்டு லாரி டெக்கீலா, 24,000-க்கும் மேற்பட்ட பாட்டில்கள், இப்படித்தான் பாதை மாறிப் போயின. இதில் அப்பாவி ஓட்டுநர் சரக்கை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வாடகைக்கு யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பான். வழியில் 'இறக்கும் இடம் மாறிவிட்டது' என்று யார் கூப்பிட்டாலும், ரசீதில் இருக்கும் அனுப்புநரின் எண்ணுக்கு நானே ஒருமுறை பேசிவிட்டுத்தான் திருப்புவேன். கூப்பிட்டவர் கொடுக்கும் எண்ணுக்கு இல்லை. கதவில் போட்ட முத்திரைக் கம்பியின் எண்ணையும் ரசீதில் எழுதவைப்பேன்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவர் இருக்கிறார். செயலியைக் கடைசிவரை அவர் தொடவில்லை. ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே லோடின் வாடகை நிமிடத்துக்கு நிமிடம் ஏறுவதைக் காட்டினேன். ஏற்றும் நேரம் நெருங்க நெருங்க, யாரும் எடுக்காவிட்டால், செயலி விலையைத் தானாகவே உயர்த்தும். எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. "பார்த்தீர்களா அண்ணா, பொறுத்தவனுக்குப் பலன்" என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, இதை இவ்வளவு நேரம் எத்தனை பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள் என்றல்லவா இது காட்டுகிறது?" என்றார்.

அந்த லோடை நான் எடுத்தேன். மலைப்பாதையில், ஒற்றை வண்டி மட்டும் திரும்பக்கூடிய சந்துக்குள், ஆளில்லாத கிடங்கு. ஏற்றுகூலி ஆட்களை நானே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. நோட்டில் ஐந்தாம் கட்டத்தில் அன்றைக்கு ஒரு வார்த்தை போதவில்லை.

எல்லாக் கூடுதல் வாடகையும் பொறி இல்லை. விழா நாளுக்கு முந்தைய அவசரம், வர வேண்டிய வண்டி பழுதானது, நிஜமாகவே வண்டித் தட்டுப்பாடு என்று நியாயமான காரணங்களும் இருக்கும். அப்படிக் கிடைத்த இரண்டு லோடில் ஒரு மாதத் தவணையை அடைத்ததும் உண்டு. ஆனால் காரணம் இன்னதென்று தெரியாமல் ஏறியிருக்கும் விலையைப் பார்த்தால், அந்த ஊரில் எனக்கு முன்னால் யாரோ ஏழு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்றே இப்போது படிக்கிறேன். நட்சத்திர மதிப்பெண் எனக்கு உண்டு. கிடங்குக்கு உண்டா என்று எல்லாத் தளத்திலும் தெரிவதில்லை. விலைதான் அதன் மதிப்பெண்.

இன்று காலை டயர் சுற்று முடிந்து கைப்பேசியை நிமிர்த்தியபோது பதினொன்றாவது லோடு அங்கேயே இருந்தது. ஊர்ப்பெயர் மட்டும்தான் காட்டும். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் லோடை எடுத்த பிறகுதான். நோட்டைப் புரட்டினேன். அதே ஊர், காகித உருளைகள், மதிய நேரம். கட்டத்தில் 'கூடாது' என்று எழுதி அடியில் இரண்டு கோடு. ஏழு மணி நேரம் என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டேன். ஓட்டம் 14 மணி, காத்திருப்பு 7, ஏற்றி இறக்க 2. ஆக 23 மணி நேரத்துக்கு 48,000, மணிக்கு 2,087. அந்த 300 கிலோமீட்டர் லோடு ஏற்றி இறக்கும் நேரத்தோடு 9 மணி நேரத்தில் முடியும், மணிக்கு 2,500.

இதோடு விட்டிருக்கலாம். ஆனாலும் மனம் கேட்கவில்லை. வட்டத்தைப் பின்வாசலுக்கு மாற்றி, காத்திருப்புக் கட்டணத்தை எழுத்தில் கொடுத்தால் ஐந்து மணி நேரக் காசு சேரும், கணக்கே புரண்டுவிடும் என்று தோன்றியது. தளத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். காத்திருக்கச் சொல்லி ஒரு குரல், பிறகு இசை. ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, மேடையில் சிதறிக்கிடந்த மரத்துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டேன், கயிறுகளைச் சுருட்டினேன். ஒன்பதாவது நிமிடத்தில் திரையைப் பார்த்தபோது பட்டியலில் பத்து லோடுதான் இருந்தது. யாரோ எடுத்துவிட்டார்.

நான்காவதை அழுத்தினேன். 15 கிலோமீட்டர், எட்டரை மணிக்கு வாசலில் இருக்க வேண்டும். வண்டியைக் கிளப்பிச் சாலையில் ஏறும்வரை ஒலிபெருக்கியில் அந்த இசை ஓடிக்கொண்டிருந்தது.